ரிமோட்டுக்குள் இருந்த திறப்பு

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழி. இரவு இரண்டரை மணி. திருகோணமலை உப்புவெளியில் மூன்றாம் நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் எழும்பி இருந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து விட்டார். தொய்வு அவருக்குப் பழைய வருத்தம்தான். பம்ப் இரண்டு தரம் அடித்தும் அன்று அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று மனைவி சொல்லி முடிக்க முதலே நான் கொளுக்கியில் தொங்கிய ரிமோட்டை எடுத்துக்கொண்டு போட்டிக்கோவுக்கு ஓடினேன். கார்க் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். வழக்கமாக ஒரு ‘பீப்’ கேட்கும், கரை விளக்குகள் மின்னும். அன்று ஒன்றும் இல்லை. ரிமோட்டின் பட்டனை அழுத்தினேன், திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதன் மூலையில் எரிய வேண்டிய சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த இரண்டாவது ரிமோட்டை மனைவி தேடி எடுத்து வந்தார். அதுவும் செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டோ ஓடுகிறவர். சத்தம் கேட்டு அவராகவே எழும்பி வந்துவிட்டார். ஓட்டோவின் இரண்டு பக்கமும் மழைச் சீலையை இறக்கி, அம்மாவை நடுவில் இருத்தி, நானும் மனைவியும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை கொடுத்தார்கள். விடியும்போது அம்மா நன்றாக மூச்சு விட்டார், தேத்தண்ணீர் கேட்டார். அந்த விஷயம் அங்கே நல்லபடியாக முடிந்தது. என்னுடைய விஷயம் அடுத்த நாள் காலையில்தான் தொடங்கியது.

நிலாவெளி வீதியில் உள்ள ஒரு கராஜில் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டிருந்தேன். கண்ணாடியை இறக்க ஏதாவது கம்பி, ஆப்பு என்று கொண்டு வருவார் என நினைத்தேன். வெறும் கையோடு வந்தார். ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கினார், பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன நெம்பை நகத்தால் தள்ளினார், மேல் பகுதியைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு இரும்புத் திறப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. “திறப்பு இதுக்குள்ளதானே அண்ணா இருக்கு. ராத்திரி இதால திறந்து பாக்கேல்லையா?” என்று கேட்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு வருடம் அந்தத் திறப்பை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோணேசர் கோயிலுக்கும் கந்தளாய்க்கும் கொழும்புக்கும் அதைக் கொண்டுபோயிருக்கிறேன். அம்மா மூச்சுக்குத் திணறிய நேரத்தில் அது என் உள்ளங்கைக்குள் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால், தெரியாமல் போய்விட்டது, இனித் தெரியும் என்று ஆறியிருப்பேன். தம்பி அந்தத் திறப்பை ஓட்டுநர் கதவின் துவாரத்தில் விட்டார். உள்ளே போனது, ஆனால் சுற்றவில்லை. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார், அப்போதும் இல்லை. நாங்கள் இருப்பது கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குள். ஜன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், சைக்கிள் செயின் எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. நான்கு வருடத்தில் ஒரு தரமேனும் திறப்புப் போடாத அந்தப் பூட்டு உள்ளுக்குள் இறுகிப்போயிருந்தது. பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிறேயை அடித்து, திறப்பை உள்ளே வெளியே அசைத்து, பத்து நிமிடம் பொறுமையாக மினக்கெட்டபின்தான் அது ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. அந்தப் பத்து நிமிடமும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு எனக்கு விஷயம் தெரிந்திருந்தாலும், இருட்டில், மழையில், நடுங்கும் கையோடு அந்தப் பூட்டை நான் திறந்திருக்க மாட்டேன். என் மனதில் இன்றுவரை அடங்காமல் நிற்பது அதுதான். இருக்கிறது என்று தெரியாத திறப்பு ஒன்று, தெரிந்தாலும் சுற்றாத பூட்டு ஒன்று. இரண்டும் சேர்ந்து நான்கு வருடம் எங்கள் போட்டிக்கோவில் நின்றன.

ரிமோட் தூங்குவதில்லை

நாங்கள் சாவி என்று சொல்வதில்லை, திறப்பு என்றுதான் சொல்வோம். திறக்கிறது எதுவோ அது திறப்பு. அப்பாவின் மொறிஸ் மைனருக்கு இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. பித்தளை, பல் தேய்ந்தது, கடைத்தெருவில் திறப்பு வெட்டுகிறவரிடம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று வரும். அதில் ஒன்று அப்பாவின் அரைஞாணில், ஒன்று வாசற்கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில், ஒன்று பக்கத்து வீட்டில். அந்தக் கொளுக்கி இன்றும் இருக்கிறது. கார் மாறியபோது, பழைய திறப்புத் தொங்கிய இடத்திலேயே புது ரிமோட்டையும் தொங்கவிட்டேன். அது பிழை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ரிமோட் இரும்புத் திறப்பைப் போலச் சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. அது எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு தாழ்ந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹேர்ட்ஸ் அளவில், ‘யார் அங்கே’ என்று கேட்கும். அந்தச் சத்தம் ஒரு மீற்றர் அளவுக்குத்தான் போகும், அதனால்தான் நாம் கிட்டப் போனால் மட்டும் கதவு திறக்கிறது. ரிமோட் அதைக் கேட்டு விழித்து, வேறொரு உயர்ந்த அலைவரிசையில் தன் இரகசிய எண்ணைத் திருப்பி அனுப்பும். ஜப்பான் கார்களில் அது 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியது, ஐரோப்பாவுக்குச் செய்தவற்றில் 433.92. எண் சரியென்றால் கதவு திறக்கும். இதற்காக அந்தச் சின்னப் பற்றரி இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே இருக்கும். நாம் காரை எடுக்காவிட்டாலும் செலவாகும். பக்கத்தில் ரீவி, கணினி, போன் சார்ஜர் என்று அலை விடும் பொருட்கள் இருந்தால் இன்னும் கெதியாகச் செலவாகும். எங்கள் கொளுக்கிக்குக் கீழேதான் ரீவி மேசையும் வைஃபைப் பெட்டியும். கொளுக்கி அடித்திருந்த சுவருக்கு மற்றப் பக்கம் கார். இரண்டு மீற்றர்கூட இல்லை. இரண்டு வருடம் ஓட வேண்டிய பற்றரியை நான் எட்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் பிழை இல்லை.

இப்போது ரிமோட் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது, சமையலறை மேல் தட்டில். நத்தாருக்கு வந்த, மூடி இறுக்கமான தகர ரின். தகரம் அலையை மறிக்கும். ஆனால் மறிக்கிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். ரிமோட்டை ரின்னுக்குள் வைத்து மூடி, ரின்னைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்த ரின் சரிவராது. எங்களுடைய முதல் ரின் அப்படித்தான், மூடி தளர்ந்து திறந்துகொண்டது. இரண்டாவது பிடித்தது. சிலர் மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கலாம் என்கிறார்கள். வேண்டாம். வீட்டில் ஒருவர் மறந்து பட்டனை அழுத்தினால் போதும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். எங்கள் வெக்கைக்கு வெளியே எடுத்ததும் உள்ளுக்குள் வியர்த்துவிடும்.

ரின்னால் கள்ளரிடமிருந்தும் பாதுகாப்பு உண்டு. ரிமோட் வீட்டுக்குள் இருக்க, வாசலில் ஒருவரும் காருக்குப் பக்கத்தில் ஒருவரும் கருவியோடு நின்று, காரின் கேள்வியை வீட்டுக்குள் கடத்திவிட்டால், ரிமோட் தான் காருக்குப் பக்கத்தில் இருப்பதாக எண்ணிப் பதில் சொல்லிவிடும். 2011இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களில் இதைச் செய்து காட்டினார்கள். ஐம்பது மீற்றர் தூரம் வரை, சுவர் குறுக்கே இருந்தும், வேலை செய்தது. எங்கள் ஊரில் கார்த் திருட்டை விட, இரவில் செத்துப்போகும் பற்றரிக்குத்தான் நான் பயப்படுகிறேன். ஆனாலும் ஒரே ரின் இரண்டுக்கும் மருந்தாகும்போது ஏன் விட வேண்டும்?

சிவப்பு விளக்கு

அந்தத் தம்பி எனக்குச் சொல்லித்தந்த முதற் பாடம் இது: கதவு திறக்காவிட்டால் முதலில் ரிமோட்டின் விளக்கைப் பார். பட்டனை அழுத்தும்போது அது எரியவில்லை என்றால் ரிமோட்டின் பற்றரி முடிந்துவிட்டது. எரிந்தும் கார் பேசவில்லை என்றால் பெரும்பாலும் காரின் 12 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டது. பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருக்கும் பலர் நினைப்பது போல உள்ளே உள்ள பெரிய பற்றரி கதவைத் திறக்காது. கதவு, விளக்கு, கணினி எல்லாம் அந்தச் சின்ன 12 வோல்ற்றை நம்பித்தான். அது டொயோட்டா அக்குவாவில் பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது, மூன்றாம் தலைமுறை பிரியஸில் பின் டிக்கிக்குள் வலது பக்கம். டிக்கியைத் திறக்கும் பூட்டோ மின்சாரத்தில் இயங்குவது. பற்றரியை எடுக்க டிக்கி திறக்க வேண்டும், டிக்கி திறக்கப் பற்றரி வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது ரிமோட்டுக்குள் இருக்கும் அந்த இரும்புத் திறப்பு மட்டும்தான். அதால் ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்பை இழுத்து பொனற்றைத் தூக்கினால், பிரியஸில் முன்பக்க ஃபியூஸ் பெட்டிக்குள் வயர் கொடுப்பதற்கென்றே ஒரு முனை இருக்கிறது. வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம்.

ரிமோட்டின் பற்றரிதான் முடிந்தது என்றால் விஷயம் இன்னும் எளிது. பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. ரிமோட்டுக்குள் பற்றரியே தேவைப்படாத இன்னொரு சில்லு (சிப்) இருக்கிறது. அது வேலை செய்யத் தேவையான சக்தியைக் காரே அனுப்பும், ஆனால் மிகக் கிட்டப் பிடிக்க வேண்டும். இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே ஏறி, பிறேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். டொயோட்டாவில் சின்னம் இருக்கும் பக்கத்தைப் பட்டனில் முட்டவைக்க வேண்டும். ஒரு சத்தம் கேட்கும், உடனே பட்டனை அழுத்தினால் கார் உயிர்க்கும். மற்றக் கார்களில் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது என்பது மாறும். சிலவற்றில் அதற்கென்று ஒரு பொந்து இருக்கும். கதவைத் திறப்பால் திறக்கும்போது சில கார்கள் அலாரம் போட்டு அலறும். பதறக் கூடாது, ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும். இவ்வளவும் காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. எங்களுடையது முழுக்க ஜப்பான் மொழி. அதனால் டாஷ்போர்ட் தட்டுக்குள் பிரிக்காமலே கிடந்தது. அன்று பின்னேரம் எடுத்துப் புரட்டினேன். ஒரு எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் முதற் பக்கங்களிலேயே படம் இருந்தது. ரிமோட், அம்புக்குறி, வெளியே வரும் திறப்பு. படம் பார்க்க மொழி தேவையில்லை.

பற்றரி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. சி.ஆர். 1632 என்றால் விட்டம் 16, தடிப்பு அதே. சில ரிமோட்டுக்கு இது, சிலதுக்கு அது, ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக இருக்காது. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்பு மருந்து பூசிய பற்றரிகளும் வருகின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பூச்சுச் சில கருவிகளில் மின்சாரத்தை மறிக்கும். புதுப் பற்றரி போட்டும் ரிமோட் எழும்பாவிட்டால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கழற்றிய பழையதை மேசையில் போட்டுவிட்டுப் போக வேண்டாம். ரிமோட்டை இயக்கப் போதாத பற்றரிக்கும் பிள்ளையின் தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கப் போதுமான சக்தி இருக்கும். சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான காயம் வரலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வயிற்றால் போகும் என்று காத்திருக்கக் கூடாது.

அலுமாரியில் பத்திரமாக இருந்தது

இரண்டாவது ரிமோட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்தக் காலை தம்பி முதலாவதிலிருந்து திறப்பை இழுத்துக் காட்டியதும், நான் ஆவலோடு மற்றதைக் கொண்டுவந்து அதே நெம்பைத் தள்ளி இழுத்தேன். திறப்பு வந்தது. பளபளப்பாக, நேராக, வழுவழுப்பாக. பல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. வெட்டாத வெறும் தகடு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் பட்டன் றப்பர் கிழிந்துபோனது என்று அந்த ரிமோட்டுக்குப் புதுக் கூடு மாற்றியிருந்தேன். சந்தையில் விற்கும் கூடுகளோடு வெட்டாத திறப்பு ஒன்று வரும். பழைய கூட்டிலிருந்து மின்தகட்டை மாற்றுகிறவர்கள், பழைய திறப்பையும் கழற்றிப் புதுக் கூட்டில் போட வேண்டும். போடவில்லை. பழைய கூடு குப்பைக்குப் போனபோது உண்மையான திறப்பும் அதனோடு போய்விட்டது. மாற்றித் தந்தவரை நான் நோகவில்லை, வாங்கும்போது இழுத்துப் பார்க்காதது நான்தான்.

இதை வாசிக்கும் பலரிடம் இதே கதை இருக்கும் என்று நினைக்கிறேன். 2020 பங்குனியில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்ப வழி திறந்தது 2025 மாசியில். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே கைமாற்றி கைமாற்றி ஓடினோம். ஜப்பானில் ஒருவர், இங்கே ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு நாங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று தவறிப்போகிறது, பெரும்பாலும் இரண்டாவது ரிமோட். கார் வாங்கும்போது ரயரைத் தட்டிப் பார்க்கிறோம், கீழே படுத்துத் துருப் பார்க்கிறோம். ‘மற்றத் திறப்பு எங்கே’ என்று கேட்பதில்லை. ஒரு ரிமோட் கையில் இருக்கும்போது இன்னொன்றைக் காருக்குப் பழக்குவது ஒப்பீட்டளவில் சின்ன வேலை. இருந்த ஒன்றும் தொலைந்துவிட்டால் காரின் நினைவையே அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டிவரும், செலவு பல மடங்கு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதிலும் கவனம் வேண்டும். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் அலைவரிசை வேறாக இருந்தால் அது காருக்குச் செவிட்டுத் திறப்பு. வேறு காரில் ஒரு தரம் பழகிய பழைய ரிமோட்டும் பெரும்பாலும் புதுக் காரை ஏற்காது.

நிலாவெளியில் ரயருக்கு மேலே

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிறவர்கள் நிலாவெளிக் கடற்கரையில் காரை விட்டுவிட்டுக் கடலில் இறங்குவதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. குளிக்கும் உடுப்பில் பை இல்லை, இருந்தாலும் கடல் எடுத்துவிடும். அதனால் காரைப் பூட்டி, ரிமோட்டை முன் ரயருக்கு மேலே ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார்கள். இரும்புத் திறப்புக் காலத்தில் அது கெட்டித்தனம். ஒளித்த இடம் தெரிந்தவனுக்கு மட்டுமே அது திறப்பு. இந்த ரிமோட்டுக்கு அப்படியில்லை. அது ரயருக்கு மேலே இருந்தாலும் காருக்கு அது பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். யார் வந்து கைப்பிடியைத் தொட்டாலும் திறக்கக் கூடும். தேடி எடுக்க வேண்டியதுகூட இல்லை. எங்கள் அம்மாவுக்கும் முதலில் இதே குழப்பம். நான் பூட்டிய பிறகு, பூட்டுப்பட்டிருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். நான் ரிமோட்டோடு பக்கத்தில் நிற்பதால் கதவு திறந்துகொள்ளும். “பூட்டுப்படேல்ல தம்பி!” என்பார். ஒவ்வொரு தரமும்.

கடலில் இறங்கும் நாட்களில் நாங்கள் இப்போது செய்வது இது. ரிமோட்டிலிருந்து இரும்புத் திறப்பை வெளியே எடுக்கிறோம். ரிமோட்டை ரின்னுக்குள் வைத்து, ரின்னைக் காருக்குள் ஆசனத்துக்குக் கீழே வைக்கிறோம். அலை மறிக்கப்பட்டதால் உள்ளே ரிமோட் இருக்கிறது என்று கார் கத்தாது. இரும்புத் திறப்பால் கதவைப் பூட்டுகிறோம். அந்தத் திறப்பை ஒரு நூலில் கோத்து நான் அரையில் கட்டிக்கொள்கிறேன், அப்பா அரைஞாணில் வைத்திருந்தது போலவே. எங்கள் திறப்பில் சில்லு எதுவும் இல்லை, வெறும் உலோகம், கடல் அதை ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரி. வேட்டியோடு கோயிலுக்குப் போகும்போதும் இந்த வழி உதவுகிறது. மடிப்பில் செருகிய ரிமோட், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் படிகளில் எத்தனை பேருக்கு விழுந்திருக்குமோ.

தவறி ரிமோட்டே கடலில் விழுந்தால், முதலில் பற்றரியைக் கழற்ற வேண்டும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் மின்தகடு மணித்தியாலக் கணக்கில் அரித்துப் பச்சையாகிவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பையில் போட்டால் அதுதான் கடைசி. பற்றரியை எடுத்து, தயங்காமல் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். ரிமோட் பிழைக்காவிட்டாலும், உள்ளே இருக்கும் அந்தப் பற்றரி வேண்டாத சில்லு பல நேரம் பிழைத்துக்கொள்ளும். வீடு வந்து சேர அது போதும்.

ஹபரணை வரை

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கூடப்பிறந்த தம்பியைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு நான் குருநாகலுக்குப் போன ஒரு நாள். கார் இரண்டு மூன்று தரம் கத்தியது, ஏதோ ஒரு விளக்கு எரிந்தது, இருக்கைப் பட்டிக்காக்கும் என்று நினைத்தேன். ரிமோட் தம்பியின் சட்டைப் பையில் வவுனியா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. கார் நிற்காமல் ஓடியது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள், நடு வீதியில் ரிமோட்டின் பற்றரி முடிந்ததற்காக எஞ்சின் நின்றால் உயிருக்கு ஆபத்து. ஹபரணையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டினேன். அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. இரும்புத் திறப்பு என்னிடம் இருந்திருந்தாலும் அன்று உதவியிருக்காது. அது கதவைத் திறக்கும், எஞ்சினை எழுப்பாது. ரிமோட் கைக்கு வரும்வரை ஆறு மணி நேரம் அந்தச் சந்தியில் இருந்தேன். ஆளை இறக்கிவிட்டுக் கார் கத்தினால் நின்று பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒன்று

அந்த மார்கழி இரவை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு விஷயமும் வந்து உறுத்தும். மழையில் ஓட்டோவைக் கொண்டுவந்த அந்த அண்ணன் வீட்டில், எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. 1990இல் ஊரை விட்டு ஓடியபோதுகூட அம்மா ஒரு திறப்பை அங்கே கொடுத்துவிட்டுத்தான் போனாராம். பூட்டி வைப்பது ஒருவர் வேலை, திறக்க வேண்டியது எப்போதும் அவராகவே இருக்காது என்று அம்மா சொல்வார். கார் ரிமோட் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை நாங்கள் காருக்கு விட்டுவிட்டோம். விலை கூடிய பொருள், இரகசிய எண் உள்ளது, கையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தோம். அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் பூட்டிவைத்தோம். அதனால் அது ஒருவருக்கும் உதவாமல் போனது.

இப்போது எங்களுடைய ஒழுங்கு வேறு. தொலைந்துபோன இரண்டாவது திறப்பை முதலாவதைப் பார்த்து வெட்டுவித்தோம், வெட்டியவர் கடையிலிருந்தே காரில் போட்டுச் சுற்றிப் பார்த்தோம். அந்த இரண்டாவது ரிமோட் பற்றரி கழற்றிய நிலையில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. பற்றரி இல்லாததால் காரோடு பேசாது, அலையைக் கடத்தவும் முடியாது, கிடந்து செத்துப்போகவும் ஒன்றுமில்லை. தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் திறப்பால் கதவைத் திறந்து, ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து ஓட்டிக்கொண்டு போகலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு காரை ரிமோட்டால் திறக்காமல் இரும்புத் திறப்பால் திறக்கிறோம். வருடத்துக்கு இரண்டு தரம் பூட்டுக்குள் கிராபைற் தூள் அடிக்கிறோம். தேங்காயெண்ணெய் விடச் சொல்வார்கள், விட வேண்டாம். மணலும் தூசும் அதில் பிடித்து இன்னும் இறுகும்.

ஞாயிறு ஒத்திகையில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டேன். கதவைத் திறந்தாவது வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரே கேட்டார். அந்த நெம்பைத் தள்ள அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. எழுபத்திநாலு வயதுக் கையின் மூட்டு வீக்கத்துக்கு அந்த நெம்பு மிகச் சின்னது, மிக வழுக்கல். முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் மாதமும் முடியவில்லை. “இது எனக்கு ஏலாது, வேற வழி பார்” என்றார். இரும்புத் திறப்பில் இன்னொரு பிரதி வெட்டுவித்து, சிவப்பு நூல் கட்டி, அப்பாவின் பழைய கொளுக்கியில் தொங்கவிட்டேன். எண் இல்லாத, அலை இல்லாத வெறும் இரும்பு, அங்கே தொங்கலாம். இப்போது அம்மா தானே எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, உள்ளே ஏறி இருந்துவிடுகிறார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மனைவி தனியே சந்தைக்குப் போனார். பின்னேரம் நான் வேலையால் வர, கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பாரை நல்ல மலிவாம், இறால் தொட முடியாத விலையாம். செதிலைத் தட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “ரிமோட் சந்தையடியில செத்துப்போச்சு. திறப்பால திறந்து, பட்டனில வச்சு ஓடிட்டு வந்தன். நாளைக்கு 2032 ஒண்டு வாங்கி வாங்கோ.”